இரண்டு முறை தட்டினால் புறப்படலாம்

மார்ச் 3, ஞாயிறு

நோட்டின் முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு, ஊர் என்று கோடு போட்டிருக்கிறது. பெயர் முப்பிடாதி என்று எழுதினேன். வகுப்பை விட்டுவிட்டேன். எட்டாவதோடு நின்று நான்கு வருடம் ஆகிறது. ஊர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து அதையும் விட்டுவிட்டேன்.

நாங்கள் குதிரை ராட்டினம் வைத்திருக்கிறோம். எந்த ஊரில் கோவில் கொடைத் திருவிழாவோ அந்த ஊருக்குப் போவோம். எங்கள் வீடு ஒரு பழைய பள்ளிக்கூடப் பேருந்து. அப்பா அதை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு கட்டிலும் அடுப்புமேடையும் தண்ணீர் டிரம்மும் வைத்தார். பள்ளிக்கூடத்தை விட்டவள் பள்ளிக்கூட வண்டியிலேயே குடியிருக்கிறாள் என்று அம்மா கேலி செய்வாள். பேருந்துக்குப் பின்னால் கொக்கியில் டிரெய்லர் வரும். பன்னிரண்டு குதிரை, ஒரு ஒட்டகச்சிவிங்கி, நடுத்தூண், இரும்புக் கைகள் எல்லாம் அதில். அதற்கும் பின்னால் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு லோடு ஆட்டோவில் அம்மா வருவாள்.

ஓடும்போது நான் அப்பாவுக்கு இடதுபக்கம் உட்கார்ந்திருப்பேன். டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது இறங்கி நிற்பேன். பேருந்துத் தகரத்தில் ஒரு முறை தட்டினால் நிற்க வேண்டும். இரண்டு முறை தட்டினால் போகலாம். நடத்துநர்கள் செய்வதுதான். ஆனால் எனக்கு அது வசதி. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குக் குரல் வராது. கைதான் பேசும். இரண்டு தட்டு கேட்காமல் அந்தச் சாமியே வந்து சொன்னாலும் நகர மாட்டேன் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார்.

இன்று திருவேங்கடம் தாண்டி ஒரு திருப்பத்தில் டிரெய்லர் ஓர் இளநீர் வண்டியில் இடித்துவிட்டது. காய்கள் ரோட்டில் உருண்டன. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இளநீர் வண்டி ரோட்டில் நீட்டிக்கொண்டு நின்றது என்று அம்மாவிடம் சொன்னேன்.

மார்ச் 4, திங்கள்

குதிரைகளுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். ஏழாவது குதிரைக்குக் காது பெயர்ந்துவிட்டது. ஒட்டுவதற்கு எம்சீல் வாங்க வேண்டும்.

மார்ச் 8, வெள்ளி

புது ஊர். மைதானத்தில் மிட்டாய்க் கடைக்காரர்கள் அப்பாவின் கண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் ஒட்டியிருந்த கொடை நோட்டீஸில் கடைசி வரியில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அதை அப்பா இங்கிருந்தே படித்துவிட்டார். ஒருவர் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, சரிதான் என்று டீ வாங்கிக் கொடுத்தார். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. ஐம்பத்திரண்டு வயதில் கண்ணாடி இல்லாமல் இப்படிப் படிக்க எத்தனை பேருக்கு முடியும்?

மத்தியானம் சாப்பிடும்போது ரசக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். அது அவருடைய இடது முழங்கைப் பக்கம் இருந்தது. வைத்தது நான்தான். இனிமேல் எதிரில் வைக்க வேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு

அம்மா அப்பாவை ஏசினாள். பின்னால் வருகிறவளுக்கு டிரெய்லர் போகிற போக்கு தெரியுமாம். வண்டி இடது ஓரம் போய்ப் போய் வருகிறதாம். நேற்று ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டாராம், முந்தாநாள் ஒரு பையன் பக்கத்தில் வந்து டிக்கெட் கேட்டதற்குத் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாராம். அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

“திரும்பவும் குடிக்கீங்களா? உண்மையச் சொல்லுங்க.”

அப்பா இல்லை என்று சொல்லவில்லை. என் தம்பி வயிற்றிலேயே இறந்துபோன வருடம் அப்பா குடித்தாராம். அப்புறம் விட்டுவிட்டார். அந்த வாசனை எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. நாள் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், சைக்கிள் மார்க் பீடி வாசனை மட்டும்தான் வரும்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே இரண்டு தடவை கழுவினேன்.

மார்ச் 14, வியாழன்

நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்பா ஒரு விளையாட்டு வைத்திருந்தார். ‘எடப்பக்கம் என்ன போவுது?’ என்று கேட்பார். ‘ரெண்டு ஆடு, ஒரு தாத்தா’ என்று நான் சொல்ல வேண்டும். நடுவில் பல வருடம் அந்த விளையாட்டை மறந்துபோயிருந்தோம். போன தீபாவளிக்கு அப்புறம் மறுபடி ஆரம்பித்தார். இப்போது நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சைக்கிள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர். நாய் படுத்திருக்கிறது. டிப்பர் முந்துகிறது. வெளியே வாயே திறக்காத பெண் வண்டிக்குள் வாய் மூடுவதில்லை.

இன்று காலையில் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது வண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றது. அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இன்ஜின் சூடாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். பானட்டைத் தொட்டுப் பார்த்தேன். வழக்கமான சூடுதான்.

அம்மாவிடம் நானும் அதையேதான் சொன்னேன்.

மார்ச் 17, ஞாயிறு

அப்பாவின் ஹெவி லைசென்ஸ் மாதக் கடைசியோடு முடிகிறது. அம்மாதான் தேதியைப் பார்த்தாள். புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். கண், காது எல்லாம் பார்ப்பார்களாம். சித்திரை முழுக்க ஊர் ஊராகப் பேசி வைத்திருக்கிறோம். லைசென்ஸ் இல்லையென்றால் ஒரு ஊரும் கிடையாது. அம்மாவுக்கு ஒரே கவலை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டர் என்றால் அவரே கண்டுபிடித்துவிடுவார். யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

மார்ச் 19, செவ்வாய்

டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொல்லிப் பலகையில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அப்பா கடைசி வரி வரை படித்தார். மறு கண்ணிலும் அப்படியே. பச்சை எது, சிவப்பு எது என்று கேட்டார். அதையும் சரியாகச் சொன்னார். ஜன்னல் வழியாகத் தெருவில் தூரத்தில் நின்ற கார் நம்பரைப் படிக்கச் சொன்னார். அப்பா நம்பரைப் படித்து, அந்தக் காருக்கு முன்பக்க டயர் தேய்ந்திருக்கிறது என்றும் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நானும் பின்னால் நின்று மனதுக்குள் படித்துப் பார்த்தேன். கடைசி வரியில் இரண்டு எழுத்து எனக்குப் பிடிபடவில்லை.

பலகை நேர் எதிரே இருந்தது. காரும் நேர் எதிரே நின்றது.

வெளியே வந்ததும் அப்பா எங்களுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார். அம்மா ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள். என் பங்கு அல்வா இன்னும் இலையில் அப்படியே இருக்கிறது.

மார்ச் 20, புதன்

3ஆம் தேதி எழுதியது சரியில்லை. இளநீர் வண்டி ஓரமாகத்தான் நின்றது. நான் சொல்வதற்கு ஒரு நொடி தாமதமாகிவிட்டது.

மார்ச் 22, வெள்ளி

அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அப்பா நடுத்தூணுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்கு இடதுபக்கம் வந்து, கையை நீட்டி விரல்களை ஆட்டினேன். திரும்பவில்லை. மெதுவாக முன்னால் கொண்டுபோனேன். கை கிட்டத்தட்ட அவர் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், “என்னட்டி?” என்றார். வலதுபக்கம் போய் நின்றேன். அங்கே கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கிரீஸ் கையை வேட்டியிலேயே துடைத்தார். அவர் அப்படித் துடைக்கிற ஆள் இல்லை.

“அம்மாட்ட சொல்லாத தாயி. இந்தச் சித்திர மட்டும் ஓட்டிக்கிடுதேன். நீதான் பக்கத்துல இருக்கல்லா.”

“அம்மா நீங்க குடிக்கீங்கன்னு நெனக்கா.”

“நெனக்கட்டும். குடிகாரன்னா திருந்துவான்னு ஒரு நம்பிக்க இருக்கும்லட்டி.”

நான் போய் ஏழாவது குதிரையின் காதை ஒட்டினேன். கோணலாக ஒட்டிவிட்டேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 23, சனி

நான் ஒருத்தி இருந்தால் போதும் என்று காலையில் நினைத்தேன். மத்தியானம் வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது தும்மல் வந்தது. எத்தனை நொடி கண்ணை மூடியிருந்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

லைசென்ஸ் ஆபீஸ் அடுத்த ஊருக்குப் போகிற வழியில் இருந்ததால் எல்லா வண்டியோடும் போனோம். ஆபீஸுக்குப் பக்கத்தில் ஓட்டிக் காட்டுகிற மைதானம். அதன் ஓரத்தில் அப்பா நிறுத்தினார். உள்ளே விண்ணப்பம், சர்டிபிகேட் கொடுத்து, போட்டோ எடுத்து, பன்னிரண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. லைசென்ஸ் தபாலில் வரும் என்றார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் ரோட்டுக்கு வர வேண்டும். நான் இடது பக்கம் பின்னால் போய் நின்றேன். பாதை காலியாக இருந்தது. இரண்டு முறை தட்டினேன். வண்டி நகர்ந்தது. அப்போது ஒரு பெண் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு மைதானத்திலிருந்து குறுக்கே வந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி. ஹெல்மெட் போட்டிருந்ததால் சத்தம் கேட்கவில்லை போல. வண்டியின் பக்கக் கண்ணாடியில் அவள் அப்பாவுக்கு முழுதாகத் தெரியும் இடத்தில்தான் வந்தாள். வண்டி நிற்கவில்லை. நான் ஒரு முறை தட்டினேன். இரும்பு அதிர்கிற மாதிரித் தட்டினேன்.

வண்டி நின்றது. டிரெய்லர் மூலைக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. அந்தப் பெண் ஒன்றும் அறியாமல் உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பாதை மறுபடி காலி. நான் இரண்டு முறை தட்ட வேண்டும். கையைத் தகரத்தில் வைத்தேன். வெயிலில் சுட்டது. கையை எடுக்கவும் இல்லை, தட்டவும் இல்லை.

“ஏட்டி, தட்டு” என்று அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. இன்னொன்றும் அடித்தது. ஓட்டிக் காட்ட வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் பார்த்தால் வழக்கமாக நான் பேருந்துக்குள் ஏறிவிடுவேன். அங்கேயே நின்றேன். அப்பா நகரவில்லை. இரண்டு தட்டு கேட்காமல் அவர் நகர மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அம்மா லோடு ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தாள். மைதானத்திலிருந்து வாகன ஆய்வாளர் விசிலோடு வந்தார். அப்பாவும் இறங்கி வந்தார். என்னைத் தேடிக்கொண்டு என்னைத் தாண்டியே இரண்டு எட்டுப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன்.

“யப்பா, நான் தட்ட மாட்டேன். ஒங்களுக்கு ஓரம் தெரியல.”

சொன்னது எவ்வளவு சத்தமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அம்மா என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப நீங்க குடிக்கலயா?”

அப்பா தலையை ஆட்டினார். அம்மா அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரை அடித்தாள். இரண்டு அடி. மூன்றாவதற்குக் கை ஓங்கியவள் அந்தத் துண்டாலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆய்வாளர் சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவர் அப்பாவின் முகத்துக்கு நேரே ஒரு விரலைப் பிடித்து, மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினார். நான் செய்தது மாதிரியே. பிறகு விரலை மடக்கிக்கொண்டு, பெரிய கண்ணாஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னார். அப்பா உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து அம்மா கையில் வைத்தார். ஏதோ தாம்பூலம் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் வைத்தார்.

அம்மா உடனே தன் லைசென்ஸை நீட்டினாள். தானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். ஆய்வாளர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது லைட்டும்மா. பஸ்சு, பின்னால இழுக்கிற வண்டி, அதுல உள்ள இரும்பு, எல்லாத்தையும் சேத்துப் பாருங்க. இத வச்சு இந்தக் கொக்கியவே தொடக் கூடாது.”

“ஹெவி எடுக்க என்ன சார் செய்யணும்?”

“லைட் எடுத்து ஒரு வருசம் ஆயிருக்கணும். இருவது வயசு முடிஞ்சிருக்கணும். அப்புறம் டிரைவிங் ஸ்கூல்ல படிச்சிட்டு வந்து எங்கிட்ட ஓட்டிக் காட்டணும்.”

“லைட் எடுத்து மூணு வருசம் ஆவுது” என்றாள் அம்மா. வயதைச் சொல்லவில்லை.

அப்பாவின் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற ஒரு கடிதம் கேட்டார்கள். நான்தான் எழுதினேன். ‘எனக்குப் பார்வையில் குறை இருப்பதால்’ என்று எழுதி நீட்டினேன். அப்பா கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 27, புதன்

ஓட்ட ஆள் இல்லாததால், ஆய்வாளர் ஓட்டிக்கொண்டுவந்து நிறுத்திய ஆபீஸ் சுவரோரம் வேப்பமரத்தடியிலேயே கிடக்கிறோம். லைசென்ஸ் எடுக்க வருகிறவர்கள் குதிரைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அப்பா என்னோடு பேசவில்லை.

மார்ச் 29, வெள்ளி

கண்ணாஸ்பத்திரி. ஒரு கிண்ணம் மாதிரிக் கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே புள்ளியாக வெளிச்சம் வரும், வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். மற்றவர்கள் அமுக்கும் சத்தம் படபடவென்று கேட்டது. அப்பாவின் முறை வந்தபோது ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு சத்தம். மறுபடி ரொம்ப நேரம்.

கண்ணுக்குள் நீர் அழுத்தமாம். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரியும் என்றார் டாக்டரம்மா. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டுமருந்து. தினமும், ஆயுசுக்கும்.

பொடி எழுத்தெல்லாம் படிக்கிறாரே என்று அம்மா கேட்டாள். அதனால்தான் யாருக்கும் தெரியாமல் போகிறது என்றார் டாக்டரம்மா.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

இரண்டு ஊர் கைவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது ஊருக்கு மிக்கேல் அண்ணாச்சியைக் கூட்டி வந்தாள் அம்மா. லாரி ஓட்டி ஓய்ந்தவர், ஹெவி லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. அம்மாவுக்கு ஹெவி கிடைக்கும்வரை அவர்தான் ஓட்டுவார். அம்மா காலையில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறாள். அங்கே லாரியில் ஏறிய முதல் பெண் அவள்தானாம். ஏறுவதை வேடிக்கை பார்க்கவே கூட்டமாம்.

சொட்டுமருந்து நான் விடப் போனேன். அப்பா பாட்டிலை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் கொடுத்தார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கொடை. நல்ல கூட்டம். கோணல் காதுக் குதிரைக்குத்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள். ஒட்டியதைச் சரிசெய்யவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

கற்றுக்கொள்ளும் லைசென்ஸ் வந்ததும் மிக்கேல் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார, அம்மா பேருந்தை மட்டும் காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தாள். டிரெய்லரைக் கழற்றித் தனியாக நிறுத்தியிருந்தோம். அண்ணாச்சிக்கு வாய் சும்மா இருக்காது.

“மதினி, அது தோசக்கரண்டி இல்ல. கியரு.”

“தோச கருகினா மாட்டுக்குப் போடலாம் அண்ணாச்சி. நீரு நேத்து கருக்கின கிளச்ச யாருக்குப் போட?”

அப்பா நிழலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்தார். சட்டென்று இன்ஜின் பக்கம் காதைத் திருப்பி, “மூணுக்குப் போகச் சொல்லு, இழுக்க மாட்டாம அழுவுது” என்றார். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். என்னிடம்தான் சொன்னாரா என்று தெரியவில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். மூன்றுக்குப் போனதும் சத்தம் அடங்கியது.

மே 14, செவ்வாய்

ஜூன் 21 வந்தால் எனக்குப் பதினெட்டு. முதலில் லைட் எடுக்கலாம். ஒரு வருடம் போக வேண்டும். அப்புறம் இன்னொரு வருடம் காத்திருந்தால் இருபது. அதற்கப்புறம் ஹெவி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், ரொம்ப தூரம் இல்லை.

இதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சொட்டுமருந்தை என் கையில் கொடுத்து முகத்தை மேலே தூக்கினார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

“கண்ணு அங்க இல்லட்டி” என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

அம்மாவுக்கு ஹெவி லைசென்ஸ் வந்துவிட்டது. நேற்றுதான் தபாலில் கிடைத்தது. போட்டோவில் பேயறைந்த மாதிரி இருக்கிறாள். லோடு ஆட்டோவுக்கு அவள் தங்கை மகன் வந்திருக்கிறான். மிக்கேல் அண்ணாச்சி ஊருக்குப் போகாமல், மதினி எந்தச் சுவரை இடிக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் பாதிப் பேர் அதற்காகவே நின்றார்கள்.

டிரெய்லரை அப்பாதான் மாட்டினார். பார்க்கவே இல்லை. கொக்கியைத் தடவி, பின்னைச் செருகி, சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக இழுத்துப் பார்த்தார். பின்னில் பூட்டு ஊசி பாதிதான் இறங்கியிருந்ததை விரலிலேயே கண்டுபிடித்தார். மிக்கேல் அண்ணாச்சி இரண்டு மாதமாக அதைக் கவனிக்கவில்லை.

அம்மா ஏறி உட்கார்ந்தாள். நான் வழக்கமாக நிற்கிற இடத்துக்குப் போனேன். அங்கே அப்பா நின்றுகொண்டிருந்தார். தகரத்தில் கையை வைத்திருந்தார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றேன்.

“ஏட்டி” என்றார் நேரே பார்த்தபடி. “எடப்பக்கம் என்ன நிக்கி?”

மைதானம் முழுக்க ஆட்கள். இன்ஜின் சத்தம் வேறு. மெதுவாகச் சொன்னால் கேட்காது.

“ஒண்ணும் இல்லப்பா” என்று கத்தினேன்.

“வலப்பக்கம்?”

“ஒரு ஆடு.” அது போகும்வரை காத்திருந்தேன். அப்பாவும் காத்திருந்தார். “போயிட்டுப்பா. ஒண்ணும் இல்ல.”

அப்பா தகரத்தில் இரண்டு முறை தட்டினார்.